நான்கு குரல் ஹார்மனி

நால்வர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாட வேண்டும்; தனித்துக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு மெட்டு, சேர்த்துக் கேட்டால் ஒரே இசை. இப்படி எழுதப் பழகுவதே நான்கு குரல் ஹார்மனி. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்பவை அந்தக் குரல்கள்.

இந்தக் கல்விக்கு அடித்தளமிட்ட இரண்டு நூல்கள் மூன்றாண்டு இடைவெளியில் வந்தன. 1722இல் பாரிசில் வெளியான ராமோவின் நூல், ஒரு கார்டின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் அடுக்கு) சுரங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் அதன் வேர்ச்சுரம் மாறாது என்று காட்டியது. 1725இல் வியன்னாவில் ஃபுக்ஸ் லத்தீனில் எழுதிய 'கிராடுஸ் அட் பர்னாசும்' குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் பாணியில் அமைந்தது. ஒரு சுரத்துக்கு எதிரே ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று ஐந்து படிகளில் மாணவரை ஏற்றிவிடும் நூல் அது. இசையமைப்பாளர் ஹைடன் அதைத் தானே படித்துத் தேறினார். பின்னாளில் அவரிடம் பயின்ற பேத்தோவனின் பயிற்சிகளில் 245 இன்றும் இருக்கின்றன. ஹைடன் திருத்தியவை 42 மட்டுமே. 1794இல் பேத்தோவன் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற வேறொரு ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் வழி வேறு. தேவாலயப் பாடலான கோரலின் மெட்டுக்குப் பேஸ் குரலை முதலில் அவரே எழுதித் தருவார். நடுவிலுள்ள ஆல்டோவையும் டெனரையும் மாணவர் நிரப்ப வேண்டும். அது கைவந்த பிறகே பேஸ் எழுதும் உரிமை கிடைக்கும். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல். தந்தையின் கோரல்கள் 371ஐ அவர் 1784 முதல் 1787 வரை நான்கு பாகங்களாகப் பதிப்பித்தார். ஹார்மனி வகுப்புகளில் இன்றும் புரட்டப்படுவது அந்தத் தொகுப்புதான். தமிழ் லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு பாடுபவர்களுக்கு இந்த ஜெர்மன் கோரல் மரபு புதிதல்ல.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் விதி, இணை ஐந்தாம் சுரத் தடை. பேஸ் 'ச'வில் நிற்கிறது, டெனர் அதிலிருந்து ஐந்தாம் சுரமான 'ப'வில். பேஸ் 'ரி'க்கு ஏறும்போது டெனரும் 'த'வுக்கு ஏறினால் ஆசிரியரின் சிவப்பு மை விழும். காரணம் காதில் இருக்கிறது. 'ச'வும் 'ப'வும் எவ்வளவு நெருங்கிக் கரையும் என்பதைத் தம்புரா கேட்டவர்கள் அறிவார்கள். அந்த ஜோடி அப்படியே நகர்ந்தால் இரு குரல்கள் ஒன்றாகிவிடும்; நான்கு பேர் பாடும் இசை மூவர் பாடியதுபோல் மெலியும். மாறாக, 'ப நி ரி ம' என்ற கார்டில் 'நி' மேலேறி 'ச'வையும் 'ம' கீழிறங்கி 'க'வையும் அடையும்போது, எதிரெதிர் திசையில் நடந்த இரு குரல்களும் ஒரே முடிவில் வந்து இளைப்பாறுகின்றன. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த நகர்வைப் பாடிப் பார்ப்பதே மேல்.

இந்த மரபு நம் ஊரையும் எட்டியது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் செலுத்திய காணிக்கை அது.