கண்டனம், தூஷணம், ஆபாசம்: தருக்கச் சொற்கள் வசைச் சொற்களான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கண்டன நூல்களை இன்று படிப்பவர்க்கு முதலில் எஞ்சுவது அவற்றின் கடுமை பற்றிய எண்ணமே. வாதத்தைக் காட்டிலும் வசையே மிகுந்தவை என்று அவற்றை ஒதுக்கும் போக்கு இலக்கிய வரலாற்று நூல்களிலும் உண்டு. அம்மதிப்பீட்டிற்கு அந்நூல்களின் நடை ஓரளவு இடந்தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் ஒரு பகுதி சொற்பொருள் மாற்றத்தால் விளைந்தது. அந்நூல்களின் தலைப்புகளில் நிற்கும் கண்டனம், தூஷணம், ஆபாசம், நிராகரணம் ஆகிய சொற்கள் தருக்கநூல் வழக்கிலிருந்து வந்தவை. அவை இன்று தரும் பொருள் வேறு.

பிறர் கூற்றைப் பொய்யென நிறுவுதலும் பிறர் பெயரைக் கெடுத்தலும் பழந்தமிழில் தனித்தனிச் சொற்குடும்பங்களைப் பெற்றிருந்தன. இறையனார் களவியல் உரை ஒன்றே இரண்டிற்கும் சான்று தருகிறது. முதனூலின் முடிந்த பொருளை ஒருவன் பிறழவைத்தவிடத்து, அத்திரிபைக் காட்டி உண்மையை நிலைநிறுத்தப் புலவனொருவன் செய்வதை அவ்வுரை ‘எதிர்நூல்’ என்கிறது. அதே உரை, ஊரார் வாய்ச்சொல்லை ‘அம்பல்’ எனவும் ‘அலர்’ எனவும் பிரித்து, முன்னதை அரும்பிய நிலையாகவும் பின்னதை மலர்ந்த நிலையாகவும் விளக்குகிறது. எதிர்நூலுக்குக் கருவியும் காரணமும் வேண்டும். அலருக்கு வாய் ஒன்றே போதும். வள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தில் (குறள் 188) ஆளும் ‘தூற்று’ என்னும் வினையும் இங்குக் கருதத்தக்கது. பதரை நீக்க நெல்லைக் காற்றில் விடுதலும் தூற்றுதலே, பிறர் குற்றத்தைப் பரப்புதலும் தூற்றுதலே. காற்றில் விட்டதை மீட்க இயலாது என்னும் உழவர் அறிவு இச்சொல்லாட்சிக்குள் இருக்கிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை அளவைநெறியை விரித்துரைக்கையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பிழைபட்ட வாதங்களை வகுக்கிறது. இப்பகுதி வடமொழி நியாயப்பிரவேசத்தோடு மிக நெருங்கியது. எது எதற்குக் கடன்பட்டது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நியாயப்பிரவேசம் தன் பொருளைச் சாதனம், தூஷணம், அவ்விரண்டின் ஆபாசங்கள் எனத் தொடக்கத்திலேயே பகுத்துக்கொள்கிறது. தன் கொள்கையை நிறுவுதல் சாதனம். எதிரியின் சாதனத்தில் உள்ள குறையை எடுத்துக்காட்டுதல் தூஷணம். உண்மைபோலத் தோன்றி அல்லாததாவது ஆபாசம். தமிழ்ப் புலவர் இதனையே ‘போலி’ என்றனர். ஆக, தூஷணம் என்பது முதலில் ஆளைத் தாக்குவதன்று, ஏதுவைத் தாக்குவது.

சைவ சித்தாந்த மரபில் இத்துறைச் சொற்கள் நூற்பெயர்களாயின. உமாபதி சிவாசாரியார் இயற்றியது சங்கற்ப நிராகரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதியவற்றுள் சிவசமவாத உரை மறுப்பு, சித்தாந்த மரபு கண்டன கண்டனம், இலக்கண விளக்கச் சூறாவளி ஆகியன உள. ‘எடுத்து’ என்னும் ஒரே சொல்லைப் பற்றிய வாதத்திற்கு வைரக்குப்பாயம் எழுதியவரும் அவரே. ‘கண்டன கண்டனம்’ என்னும் அடுக்கு, தம்மைத் துண்டித்த வாதத்தைத் துண்டித்தல் என்னும் பொருளது. சூறாவளி, வைரக்குப்பாயம் என்னும் உருவகங்களில் போர்க்குரல் கேட்கிறது. எனினும் தாக்கப்படுவது பெரும்பாலும் உரையும் சூத்திரமுமே.

அச்சு இந்நிலையை மாற்றியது. ஓலைச்சுவடி மடத்தாரிடையே வழங்கியது. துண்டறிக்கையோ கடைத்தெருவிற்கு வந்தது. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம் கிறித்தவப் பாதிரிமாரின் குற்றச்சாட்டுகளுக்கு விடை. இத்தலைப்பில் ‘தூஷணம்’ ஏற்கெனவே பழி என்னும் பக்கம் சாய்ந்துவிட்டது. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரில் அச்சேறின. அப்பெயர் திருமுறைகளுக்கே உரியது என வாதிட்டது நாவலர் தரப்பின் போலியருட்பா மறுப்பு. மணிமேகலையில் ஏதுவைத் தழுவிய ‘போலி’ இங்குப் பாடலையும், அதன் வழியே பாடியவரையும் தழுவியது. எதிர்த்தரப்பு தன் நூலுக்குக் குதர்க்காரணிய நாசமகாபரசு, அதாவது குதர்க்கக் காட்டை அழிக்கும் பெருங்கோடரி, எனப் பெயரிட்டது.

1869இல் நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கின் முடிவு பற்றி இருதரப்பாரும் கட்டிய கதைகளே பிற்காலத்தில் மிகுதியாகப் பேசப்பட்டன. சொல் வரலாற்றுக்கு முதன்மையானது வேறொன்று: புலவர் அவைக்குரிய வாதம் அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவுக்கு உட்பட்டது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், அவதூறுக்குப் பத்து விலக்குகளை வகுத்தது. ஆறாவது விலக்கு நூல் மதிப்பீடு பற்றியது. பொதுமக்கள் மதிப்பீட்டுக்கு விடப்பட்ட நூலைக் கொண்டு, நூலில் வெளிப்படும் அளவுக்கு ஆசிரியனது இயல்பைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு கருத்துரைக்கலாம். நூல் அறிவற்றது, ஆதலின் எழுதியவன் அறிவு குறைந்தவன் எனலாம். எழுதியவன் இழிந்தவன், ஆதலின் நூல் இவ்வாறிருப்பதில் வியப்பில்லை என்றால் விலக்கின் காப்பு இல்லை. ஏதுவிலிருந்து துணிபுக்குச் செல்லும் திசையையே சட்டம் அளவுகோலாகக் கொண்டது. தருக்கநூலார்க்கு இது அயலான கருத்தன்று.

ஆயினும் தமிழ் வழக்கு அத்திசையைப் பேணவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை 1904இல் வெளியிட்ட மருட்பா மறுப்பு, ‘இராமலிங்க பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்’ என்னும் பெயரும் உடையது. போலியைக் காட்டும் கண்ணாடி எனத் தருக்கம் கற்றவர் கொள்ளலாம். அருவருப்பைக் காட்டும் கண்ணாடி எனப் பிறர் கொள்வர். இவ்விருபொருள்மை தற்செயலானது எனக் கொள்வது கடினம். இந்நூலும் வழக்குமன்றம் ஏறியது.

இன்று ஆபாசம் காமக்கொச்சையைக் குறிக்கிறது. ஈழத்துப் பேச்சுவழக்கில் தூஷணம் என்பது கெட்ட வார்த்தை. கண்டனம் தெரிவிக்கப்படுவது, முழக்கமிடப்படுவது. காரணத்தோடு நிறுவப்பட வேண்டியதன்று. நிராகரணம் விண்ணப்பங்களின் நிராகரிப்பாகச் சுருங்கிற்று. தனித்தமிழ்ச் சொல்லாகிய மறுப்பு மட்டும் வாதப்பொருளை ஓரளவு காத்து நின்றது. ஆனால் நாளிதழ்களில் இடம்பெறும் ‘மறுப்பு அறிக்கை’களில், சொன்னது பொய் என்னும் கூற்று இருக்கிறது; ஏதுவும் எடுத்துக்காட்டும் பெரும்பாலும் இல்லை.