கல் பட்ட கண்ணாடி

சென்ற பங்குனி மாதம் ஒரு நாள், பகல் பதினோரு மணி சுமாருக்கு, மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சாலையில் என் மோட்டாரின் முன் கண்ணாடியில் ஒரு கல் வந்து விழுந்தது. எனக்கு முன்னே ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்புறம் தார்ப்பாய் கட்டவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மிளகளவு ஒரு குழி. அதைச் சுற்றி நாலைந்து மயிரிழைகள்.

வண்டியை ஓரங்கட்டினேன். இரு பக்கமும் பாத்திகள் வெயிலில் வெள்ளி வெள்ளியாக மின்னின. வரப்பில் உப்புக் குவியல்கள். ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் தாமாகவே வந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"தொடாதீங்க சார். விரலாலே நோண்டினா அழுக்கு ஏறிடும். இங்கே உப்புக் காத்து வேறே. டேப்பு இருக்குதா? ஒரு துண்டு ஒட்டிக்கிட்டுப் போங்க. ஏசியைப் போடாதீங்க."

டேப்பும் அவரே கொடுத்தார். அந்த மனிதர் சொன்ன நாலு வார்த்தைகளில் எவ்வளவு சாஸ்திரம் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் போய்க்கொண்டிருந்தது என் சித்தப்பாவைப் பார்க்க. அவர் மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டியவர். கண்ணாடியில் கல் பட்டதும் எனக்குச் சட்டென்று அவர் வலது கைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உப்பு வண்டிகளுக்கு இந்தக் கடற்கரை புதிது அல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்லுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' குறிப்பில் வரும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுதான் என்பார்கள். சங்க காலத்து உமணர்கள் மாட்டு வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் ஒரு வள்ளலைப் பாராட்டும்போது அவனை அந்தச் சேம அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். நாம் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருவின் பெயர். 1904-இல் அந்தத் தெருவில்தான் உபரிச் சக்கரம் பிறந்தது. ஆனால் உபரிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போகிற வண்டி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கண்ணாடி போனால் போனதுதான்.

மோட்டார் பிறந்த புதிதில் முன் கண்ணாடியே கிடையாது. காற்றும் புழுதியும் முகத்தில் அடித்ததால் ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். அதைவிடக் காற்றே மேல் என்று ஆகிவிட்டது. வண்டி மோதினால் கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்து, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தையும் கழுத்தையும் அறுத்தது. எதிரே வரும் வண்டியைவிடத் தன் முன்னே இருக்கும் கண்ணாடிக்கு மனிதன் அதிகம் பயப்படவேண்டியிருந்தது.

இதற்கு மாற்று கண்டவர்களில் ஒருவர் வக்கீல்! இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் குரூ வுட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 'கனடா பால்சம்' என்ற மரப்பிசினை வைத்து ஒட்டி, 1905-இல் காப்புரிமை வாங்கினார். மற்றவர் பிரெஞ்சுக்காரர் எடுவார் பெனெடிக்டஸ். ரசாயனம் தெரிந்தவர், சித்திரக்காரரும் கூட. 1903-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உயரத்திலிருந்து விழுந்தது. விரிசல் கண்டது, ஆனால் சிதறவில்லை. முன்பு எப்போதோ அதிலிருந்த நைட்ரேட் கலந்த ஸெல்லுலோஸ் கரைசல் வற்றி, உட்புறம் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அந்தத் தோல் துண்டுகளைப் பிடித்துக்கொண்டது. மோட்டார் விபத்து ஒன்றில் கண்ணாடித் துண்டு பட்டுப் பெண்கள் காயப்பட்ட செய்தி காதில் விழுந்ததும் அவருக்குக் குடுவை நினைவு வந்ததாம். 1909-இல் காப்புரிமை கேட்டார். கண்ணாடி, நடுவில் தோல், மறுபடி கண்ணாடி - மூன்று அடுக்கு ஆகையால் 'டிரிப்ளெக்ஸ்'.

மோட்டார் முதலாளிகள் உடனே ஓடிவந்து வாங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விலை ஜாஸ்தி. முதல் உலக யுத்தத்தில் விஷவாயு முகமூடிக்குக் கண் துவாரம் வேண்டியிருந்தது; அப்போதுதான் இதற்கு மதிப்பு வந்தது. பழைய தோல் வெயிலில் மஞ்சளாகப் போய்விடும். 1930-களின் கடைசியில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் வந்து அந்தக் குறையும் தீர்ந்தது. இன்றுவரை அதுதான்.

இதற்கு நடுவே இன்னொரு ஜாதிக் கண்ணாடியும் வந்தது. கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சி, மேற்புறத்தை மட்டும் காற்றால் சடுதியில் குளிரவைத்தால், மேல் தோல் இறுகி, உள்ளே இழுவிசை தேங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியைவிட பல மடங்கு பலம். மோதி உடைந்தாலும் கத்தியாக உடையாது. கற்கண்டு மாதிரிச் சிறு சிறு மணிகளாகக் கொட்டும். விலையும் குறைவு. நல்லதுதானே என்பீர்கள். அதன் தோலை ஒரே ஒரு கூர்மையான கல் துளைத்துவிட்டால் போதும், உள்ளே அடக்கிவைத்த இழுவிசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபடும். கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பொரிந்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி நிற்கும். நம் நாட்டில் வெகு காலம் கார்களிலும் லாரிகளிலும் இதுதான் பெரும்பாலும் இருந்தது.

என் சித்தப்பாவின் லாரியிலும் அதுதான்.

1986-ஆம் ஆண்டு. எனக்கு ஏழு வயசு. ஒரு காலத்தில் மரக்காணத்து உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போகும். கால்வாய் இங்கேதான் முடிகிறது. பிறகு படகு போய் லாரி வந்தது. சித்தப்பா உப்பு மூட்டையோடு விடியற்காலையில் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த பஸ்ஸின் டயரிலிருந்து கல் தெறித்தது. உலகம் வெள்ளையாகிவிட்டது. முஷ்டியால் கண்ணாடியைக் குத்தி ஓட்டை போட்டார். அந்தக் கால டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஓட்டை வழியே சாலை தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? இரண்டு விநாடி, மூன்று விநாடி. அதற்குள் வண்டி சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதிவிட்டது. கிளீனர் பையனுக்குப் பதினாறு வயசு. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

கேஸில் சித்தப்பா பேரில் குற்றம் இல்லை என்று ஆயிற்று. அவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் லாரியை விட்டு உப்பு வார வந்துவிட்டார். வலது கை விரல் மூட்டுகளில் வெள்ளைத் தழும்புகள். உப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்பார். அந்தப் பையன் - இப்போது அவருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேலே ஆகிவிட்டது - பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வருவார். சித்தப்பா அவர் எதிரே உட்காரமாட்டார், நின்றுகொண்டேதான் பேசுவார்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தன. காப்புக் கண்ணாடி வேண்டும் என்று அவை சொல்லின. 1993-இல் அந்த விதிகளைத் திருத்தி, மூன்று வருஷம் தவணை கொடுத்து, அதற்குப் பிறகு செய்யப்படும் வண்டிகளின் முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். அதாவது 1996 முதல். சித்தப்பாவுக்குப் பத்து வருஷம் பிந்திவிட்டது.

இப்போது என் கண்ணாடிக்கு வருவோம். பொரிந்து வெள்ளையாகிற கண்ணாடியில் பழுது பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. உடைந்தால் முழுசாகப் போயிற்று. அடுக்குக் கண்ணாடி வந்த பிறகுதான் உடைந்ததை ஒட்டலாமே என்ற எண்ணத்துக்கே இடம் உண்டாயிற்று. கல் வெளி அடுக்கை மட்டும்தான் கடிக்கிறது. நடுத் தோலும் உள் அடுக்கும் முழுசாக இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே செய்தார்கள். மினசோட்டாவில் 1972-இல் ஆரம்பித்த நோவஸ் என்ற கம்பெனி அதில் முன்னோடி.

கல் பட்ட இடத்தில் ஏன் அப்படிக் குழி விழுகிறது என்பதை ஒரு ஜெர்மன் வாலிபர் ஆராய்ந்தார். பின்னாளில் வானொலி அலைகளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற ஹெர்ட்ஸ்தான் அவர். 1881-இல், இருபத்து மூன்று வயதில், கண்ணாடியை உருண்டையான பொருளால் அழுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். கண்ணாடிக்குள் குடை விரித்தாற்போல ஒரு கூம்பு வெடிக்கிறது. அதற்கு மேல் விரிசல் ஏன் வளர்கிறது என்பதை இங்கிலாந்தில் விமானக் கூடத்தில் வேலை பார்த்த கிரிஃபித் 1920-21-இல் விளக்கினார். விரிசலின் நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு இழுவிசை அங்கே வந்து கூடுகிறது. வெளியே வெயில், உள்ளே ஏசியின் குளிர் என்றால் கண்ணாடியே தன்னைத் தான் இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு ஈரம். நீராவி அந்த நுனிக்குள் புகுந்து கண்ணாடியின் பிணைப்பைச் சிறுகச் சிறுக அறுக்கிறது. ஏசியைப் போடாதீங்க, டேப்பு ஒட்டுங்க என்று லாரி டிரைவர் சொன்னாரே, அது இதுதான்.

மறுநாள் புதுச்சேரியில் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். முதலில் போன பெரிய இடத்தில், "முழுக் கண்ணாடியும் மாற்றவேண்டும், பன்னிரண்டாயிரம்" என்றார்கள். இரண்டாவது கடையில் ஒரு பையன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுக்கு நேரா இல்லை சார், ஓரமாத்தான் இருக்குது. ஒட்டிடலாம்" என்றான். கண்ணுக்கு நேரே இருந்தால் ஒட்டினாலும் சிறு மறு நின்று, இராத்திரியில் எதிர் வெளிச்சம் பட்டால் கூசுமாம்.

வண்டியை வேப்பமரத்து நிழலுக்குக் கொண்டுபோனான்.

"ஏன் தம்பி நிழல்?"

"வெயில் பட்டா பசை முன்னாடியே இறுகிடும் சார்."

ஊசியால் குழியிலிருந்த தூளை எடுத்தான். ரப்பர்க் கவ்விகள் உள்ள ஒரு சிறு சட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டி, நடுவே குழல் ஒன்றைக் குழியின்மேல் பொருத்தித் திருகினான். முதலில் காற்றை உறிஞ்சினான். விரிசலில் காற்று இருந்தால் பசை போகாது. பிறகு பசையை அழுத்தினான். மறுபடி உறிஞ்சல், மறுபடி அழுத்தல். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். மயிரிழைகள் ஒவ்வொன்றாக, கால் நனைக்கிறாற்போல, நுனியை நோக்கி நிறைந்து மறைந்தன. மாயம் ஒன்றும் இல்லை. காற்றில் ஒளி வளைவது ஒரு மாதிரி, கண்ணாடியில் ஒரு மாதிரி. அதனால்தான் விரிசல் கண்ணுக்குத் தெரிகிறது. பசை, ஒளியைக் கண்ணாடி வளைக்கிற அதே அளவுக்கு வளைக்கிறது. அந்த வக்கீல் எடுத்த கனடா பால்சத்துக்கும் அதே குணம் உண்டு. வெகு காலம் பூதக்கண்ணாடி வில்லைகளை ஒட்ட அதைத்தான் உபயோகித்தார்கள்.

ஊதா விளக்கைக் காட்டி இறுக்கி, பிளேடால் வழித்து, மெருகு போட்டான். அரை மணி, எழுநூறு ரூபாய். கடுகளவு ஒரு மங்கல் மட்டும் மிச்சம்.

திரும்பும்போது உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கரையில் கண்ணாடியும் பழையதுதான். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்ணாடியைக் குழலாக இழுத்து மணி அறுத்தார்கள். மணலை உருக்க அவர்களுக்கு மண்ணின் காரம் உதவிற்று. நமக்கு உப்பே உதவுகிறது. உப்பிலிருந்து சோடா எடுக்க 1791-இல் வழி கண்ட லெப்ளாங்க் என்ற பிரெஞ்சு வைத்தியரின் தொழிற்சாலையைப் புரட்சிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்; மனம் உடைந்து 1806-இல் தற்கொலை செய்துகொண்டார். 1861-இல் ஸால்வே இன்னும் மலிவான வழி கண்டார். அந்தச் சோடா இல்லாமல் ஸ்ரீபெரும்புதூரில் ஸெயின்ட்-கோபெய்ன் ஆலை இல்லை, என் மோட்டாரின் கண்ணாடியும் இல்லை.

சித்தப்பா திண்ணையில் இருந்தார். வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்தார். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை, அவராகவே கண்டுபிடித்துவிட்டார். தழும்பு விழுந்த விரலால் தடவினார்.

"இப்போ வெள்ளையாவாதாமே?"

"ஆகாது, சித்தப்பா. கல் பட்ட இடம் மட்டும்தான் விரியும். மற்ற இடமெல்லாம் சாலை தெரியும்."

"தெரியுமா?" என்றார். வண்டிக்குள் ஏறி டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியே தெருவையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.