ஒருமையில் கேட்ட கேள்வி: மழைநீர் உரிமக் கூட்டுறவும் விதி 122.35-உம்

அமெரிக்கச் சிறுநகரங்கள் மழைநீர் மாசு உரிமத்தின் நிபந்தனைகளைக் கூடி நிறைவேற்றுவது பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறக்குறைய மரபாகவே ஆகிவிட்டது. இக்கூட்டமைப்புகள் பயிற்சி வகுப்பையும் துண்டறிக்கையையும் பெரிதாகத் தாண்டாததற்கு ஒழுங்குவிதி 122.35-இன் முதற்பகுதியில் உள்ள ஒரே வாக்கியம் காரணம் என்பது அம்முடிவு. ஒரு நகரம் தன் கடமையை வேறோர் அமைப்பிடம் ஒப்படைக்கலாம். அந்த அமைப்பு தவறினால் உரிம நிபந்தனைக்குப் பொறுப்பு ஒப்படைத்த நகரமே என்கிறது அவ்வாக்கியம். தண்டனை தன் தலையில் விழும் என்றால் எந்த நகரம் அண்டை ஊரை நம்பும் என்று கேட்கும் இந்த மரபு, பொறுப்பையே கைமாற்றிக்கொள்ளும் மண்டல ஆணையங்களைப் பரிந்துரைக்கிறது. வாக்கியத்தைத் தனியே பிய்த்தெடுத்துப் படித்ததால் வந்த பிழை இது என்பது என் வாதம்.

122.35 இடம்பெறும் இரண்டாம் கட்ட மழைநீர் விதிகள் 1999 டிசம்பரில் வெளியானவை, கேள்வி-பதில் வடிவில் எழுதப்பட்டவை. தலைப்பில் நகரம் கேட்கிறது, உட்பகுதியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விடை சொல்கிறது. விடையில் நகரம் முன்னிலையில் விளிக்கப்படுகிறது. ஆங்கில முன்னிலைச் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. தமிழாக்க முயல்பவர் மட்டும் ‘நீ’ என்றோ ‘நீங்கள்’ என்றோ தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தைத் தேடியபோதுதான் தலைப்பை மீண்டும் படித்தேன். 122.35-இன் தலைப்பில் கேட்பவர் தன்மை ஒருமையில் கேட்கிறார்: ஒழுங்குக்குட்பட்ட ஒரு சிறு மழைநீர் வடிகால் அமைப்பை நடத்தும் நான், குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளைச் செயற்படுத்தும் பொறுப்பைப் பிறருடன் பகிரலாமா என்பதே கேள்வி. விடையில் வரும் முன்னிலையும் ஒருமைதான். அது தனி நகரத்தையே விளிக்கிறது, கூடிய நகரங்களை அல்ல.

அதைவிட முக்கியமானது, தலைப்பு கேட்பது செயற்படுத்தும் பொறுப்பைப் பற்றி. சர்ச்சைக்குரிய வாக்கியம் நகரத்திடமே விட்டுவைப்பது உரிமத்துக்கு இணங்கி நிற்கும் பொறுப்பை. ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல் இரண்டுக்கும் பயன்பட்டதால், முன்னது பகிரத்தக்கது, பின்னது பகிரத்தகாதது என்ற வேறுபாடு கண்ணில் படாமல் போயிருக்கிறது. இடையில் ஓர் அரிய சலுகையும் உண்டு. எல்லாக் கடமைகளையும் ஒழுங்குக்குட்பட்ட இன்னொரு அரசு அமைப்பிடம் ஒப்படைக்கும் நகரம், அதை விண்ணப்ப அறிவிப்பில் குறித்துவிட்டால் காலமுறை அறிக்கைகூட அனுப்ப வேண்டியதில்லை. அறிக்கை எழுதும் வேலைவரை கைமாறலாம். பொறுப்பு மட்டும் கைமாறாது. இவ்வளவு தாராளமாக எழுதியவர்கள் அந்த ஒன்றைக் கவனக்குறைவால் விட்டுவைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

அடுத்த வாக்கியம் ‘ஆதலால்’ என்று தொடங்கிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொள்ள ஊக்குவிக்கிறது. இது இடரை முகமையே ஒப்புக்கொண்டதற்குச் சான்று என்பார்கள். ஒப்பந்தம் இரு ஊர்களுக்கிடையிலான கணக்கைத் தீர்க்கும். ஊருக்கும் முகமைக்குமான உறவில் அது ஓர் எழுத்தையும் மாற்றாது. இரண்டாம் பகுதியோ உரிமம் வழங்கும் அதிகாரியே ஒரு நடவடிக்கையை வேறோர் அரசு அமைப்பின் கடமை என்று உரிமத்தில் எழுதிவிட்டால், நகரம் அதைத் தன் திட்டத்தில் சேர்க்கவே வேண்டியதில்லை என்கிறது. ஆக, பொறுப்பை முழுதாக மாற்றும் வழி வரைந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதன் சாவியை நகரங்களிடம் கொடுக்காமல் அதிகாரியிடம் கொடுத்தார்கள்.

இந்த வாசிப்புக்கு மாசசூசெட்ஸ் நல்ல உரைகல். 2012 வாக்கில் 13 ஊர்கள் சேர்ந்து தொடங்கிய மத்திய மாசசூசெட்ஸ் மழைநீர்க் கூட்டணி பின்னர் 30 ஊர்களாக வளர்ந்தது. வடிகால் வரைபடம், வடிகால்வாய் ஆய்வுக்கான பொது நடைமுறை, சோதனைக் கருவிகள், மாதிரித் துணைவிதிகள் ஆகியவை அங்கே பொதுவாயின. சர்ச்சைக்குரிய வாக்கியம் நடைமுறையில் இருந்தபோதே இந்த வளர்ச்சி நடந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் துணைவிதியை மாதிரியாக எழுதிக் கொடுக்கக் கூட்டணியால் முடியும், நிறைவேற்ற முடியாது. அதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப்பேரவை கூடிக் கையுயர்த்த வேண்டும். சாக்கடைக் குழாயை மழைநீர்க் குழாயில் திருட்டுத்தனமாக இணைத்த வீட்டுக்கு அறிவிப்பு அனுப்பும் அதிகாரமும் அந்த ஊருடையது. அதிகாரம் இருக்கும் இடத்திலேயே பொறுப்பையும் நிறுத்துகிறது 122.35. சிற்றூர்களில் ஆளில்லை என்ற மறுப்பு உண்மைதான், ஆனால் அது செயற்படுத்துவதைப் பற்றியது. அதைப் பகிர விதியில் தடையே இல்லை.

ஆற்றுப்படுகை ஊரெல்லையைப் பார்த்து ஓடுவதில்லை என்ற மறுப்பு கனமானது. அதற்கு லாஸ் ஏஞ்சலஸ் வழக்கை எடுத்துக்காட்டுவார்கள். அது முதற்கட்டப் பெருநகர உரிமம், 122.35 அங்கே நேராகப் பொருந்தாது என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். 2001 உரிமத்தில் மாவட்டமும் வெள்ளத்தடுப்பு மாவட்டமும் 84 நகரங்களும் கூட்டு உரிமதாரர்கள். ஆற்றில் பொதுக் கண்காணிப்பு நிலையங்கள் வரம்பு மீறலைக் காட்டின. யாருடைய அழுக்கு என்று சொல்ல முடியாதே என்பது அவர்களின் வாதம். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரே ஆற்றின் கட்டப்பட்ட பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிக்கு நீர் போவது மாசு வெளியேற்றம் ஆகாது என்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமத்தின் சொற்களுக்கே திரும்பியது. இணக்கத்தை அளக்கவென்று அவர்களே ஏற்ற கண்காணிப்பு மீறலைக் காட்டும்போது பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று தீர்த்தது. பொது அளவீடு ஒவ்வொருவரின் கடமையையும் கரைத்துவிடாது என்பதே இதன் உட்பொருள் என்று கருதுகிறேன். 2012 நவம்பரில் வந்த புதிய உரிமம் படுகைத் திட்டங்களில் சேர்ந்து அவற்றை நிறைவேற்றுவோரை நீர்நிலை வரம்புக்கு இணங்கியவர்களாகவே கொள்ளும் வழியைத் திறந்தது. அங்கே சாவியைத் திருப்பியது அதிகாரி. நகரங்கள் தமக்குள் செய்த உடன்பாடு அன்று.

படுகை முழுவதற்கும் பொதுவான மாசைக்கூட ஊர்வாரியாகப் பிரித்தெழுத முடியும் என்பதற்குச் சான்று சார்லஸ் ஆறு. மாசசூசெட்ஸில் 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த உரிமத்தின் ‘எஃப்’ பின்னிணைப்பு, அந்தப் படுகையின் ஒவ்வொரு ஊருக்கும் பாஸ்பரஸ் அடிப்படைச் சுமை எவ்வளவு, குறைக்க வேண்டியது எவ்வளவு என்று தனித்தனியே அட்டவணையிடுகிறது. ஊர்கள் கூடித் தெருக்களைப் பெருக்கலாம், கூடி நீர் ஊடுருவும் குழிகளை வடிவமைக்கலாம். குறைக்கப்பட்ட பாஸ்பரஸ் எந்த ஊரின் வரியில் வரவு வைக்கப்படுகிறது என்று அட்டவணை கேட்கும்போது, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் 1999-இல் தலைப்பில் ஒருமையில் கேட்ட அதே ‘நான்’.