பட்டினியும் கீற்றோனும்: மலையகம் 1973–1974

பசியை ஒரு பிணியென்றே கொண்டனர் நம் முன்னோர். அப்பிணி இலங்கை மலையகத்தை வாட்டிய காலங்களுள் 1973, 1974ஆம் ஆண்டுகள் மறத்தற்கரியன. உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று. அரசு பங்கீட்டு உணவைக் குறைத்தது. நுவரெலியா, அட்டன் முதலிய இடங்களின் தோட்டத் தொழிலாளர்க்கோ உழுதுண்ண நிலமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோரும் அவருட் பலர். கோதுமை மா உரொட்டியை நம்பி வாழ்ந்தோர்க்கு அம்மாவும் அரிதாயிற்று. பட்டினியால் மக்கள் மாண்டனர். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியை வெகுவாக விஞ்சியது.

அத்துணைப் பசியிலும் பலர் உயிர் தாங்கியது எங்ஙனம்? உணவற்ற உடலில், ஈரலிற் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளிலே தீர்ந்துவிடும். மூளைக்கோ நாளொன்றுக்கு 100 கிராம் அளவிற் குளுக்கோசு வேண்டும். அதனைத் தசைப் புரதத்திலிருந்தே ஆக்குவதாயின் தசைகள் விரைவில் அழியும். ஆதலின் ஈரல் கொழுப்பமிலங்களைச் சிதைத்துக் கீற்றோன் பொருள்களை ஆக்குகின்றது. அவற்றைப் பயன்கொள்ளுதற்குரிய நொதியம் ஈரலுக்கில்லை. ஆக்கியவற்றைப் பிற உறுப்புகட்கே அது வழங்கும்.

கீற்றோன் அமிலங்கள் மின்னேற்றமுடையனவாகலின், கொழுப்பாலான கலமென்சவ்வை எளிதில் ஊடுருவா. மென்சவ்விலமைந்த கடத்திப் புரதங்களே ஐதரசன் அயனோடு சேர்த்து அவற்றை உட்புகவிடுகின்றன. அவற்றுள் ஒன்று 1994இல் இனங்காணப்பட்டது. மூளையின் குருதிக் குழாய்ச் சுவரிலும் அஃது உண்டு.

மூளை கீற்றோனையும் எரிக்கும் என்பது மலையகப் பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே தெளிவாயிற்று. 1967இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோர்ஜ் கேகில் என்பாரும் துணைவரும், பருத்த உடலினர் மூவரை ஐந்தாறு வாரம் உணவின்றி மருத்துவக் கண்காணிப்பில் வைத்து ஆராய்ந்தனர். மூளையின் எரிபொருளிற் பெரும்பகுதி கீற்றோனே எனக் கண்டனர். அதனாற் புரதச் சிதைவு குறைகின்றது என்பதும் விளங்கிற்று.

ஆயினும் அம்மூவர்க்கும் கொழுப்புச் சேமிப்பு மிகுதி. நாள்தோறும் மலைச்சரிவேறிக் கொழுந்து பறித்த மெலிந்த உடலுக்கோ அது சிறிது. கொழுப்புத் தீருமிடத்துக் கீற்றோனும் தீரும். உடல் மீண்டும் தன் தசையையே தின்னும். மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும். தொற்றுநோய் எளிதிற் கொல்லும்.

இயற்கை தருவது ஒரு தவணையே. அத்தவணைக்குள் உணவைக் கொண்டுசேர்த்தல் ஆள்வோர் கடன். 1974இல் அக்கடன் தீர்க்கப்படவில்லை என்பதற்குத் தோட்டங்களின் இறப்புக் கணக்கே சான்று.