மாலைக்கண் மறைந்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர்கள் தேவாரம், கோம்பை, போடிநாயக்கனூர் ஆகியவை. ஏலமலைக்குப் பின்னால் கதிரவன் மறைவதால் இவ்வூர்களில் மாலை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. வெளிச்சம் மங்கும் அந்நேரத்தில் நம் கண்ணுக்குள் ஒரு பொறுப்பு மாற்றம் நடக்கிறது. பகலில் பார்க்க உதவிய செல்கள் ஓய்ந்து, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள் வேலையை ஏற்றுக்கொள்கின்றன.

இம்மாற்றம் நடைபெறாத குழந்தை அந்தி மயங்கியதும் திண்ணையை விட்டு இறங்காது. தட்டிலுள்ள சோற்றைத் தடவித் தேடும். வாசற்படி தடுக்கி விழும். பெற்றோர் இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுவதும் உண்டு. நம் முன்னோர் இதற்கு மாலைக்கண் என்று பெயரிட்டனர். ஈரலும் கீரையும் இதற்கு நல்லவை என்றும் அறிந்திருந்தனர். ஏன் நல்லவை என்பதை அறிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பல நாட்டு அறிஞர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

கண்ணின் உட்புறச் சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதில் ஒளியை உணரும் செல்கள் முக்கியமாக இரு வகை. ஏறத்தாழ 50 லட்சம் கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் நிறங்களையும் நுண்மையான உருவங்களையும் காட்டுகின்றன. 9 கோடிக்கு மேற்பட்ட கோல் செல்கள் மங்கிய ஒளியில் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. நிலவொளியில் சிவப்புப் புடவையும் கறுப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

1876இல் ஃபிரான்ஸ் போல் என்னும் ஜெர்மானிய அறிஞர் தவளையின் விழித்திரையை ஆராய்ந்தார். இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருந்தது. ஒளி பட்டதும் அந்நிறம் வெளிறிப் போயிற்று. ஹைடல்பர்க் நகரத்தில் வில்ஹெல்ம் கூனே இந்த நிறப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்து, அதற்குப் பார்வைச் செம்பொருள் என்ற பொருள்படப் பெயர் சூட்டினார். இன்று நாம் அதை ரொடாப்சின் என்கிறோம்.

இதற்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு வேறொரு துறையிலிருந்து வந்தது. 1913இல் அமெரிக்காவில் மக்காலம், டேவிஸ் ஆகிய இருவர், வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். அதுவே பின்னர் வைட்டமின் ஏ எனப்பட்டது. கீரை, மாம்பழம், காரட் முதலியவற்றிலுள்ள கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது என்பதை 1930இல் தாமஸ் மூர் நிறுவினார். 1933இல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையிலேயே வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார். பார்வையின் வேதியியலைத் தெளிவாக்கியதற்காக 1967ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ரொடாப்சினில் ஒரு புரதமும், வைட்டமின் ஏயிலிருந்து பிறந்த ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறும் இணைந்துள்ளன. ஒளி படும்போது, வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது. அந்த அசைவே நரம்புக்குச் செய்தியாக மாறுகிறது. பின்னர் ரெட்டினால் புரதத்தை விட்டுப் பிரிகிறது. மீண்டும் பார்க்க வேண்டுமானால் இரண்டும் மறுபடி சேர வேண்டும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் கண் முழுவதும் பழக அரை மணி நேரம் வரை ஆவது இந்த மறுசேர்க்கைக்காகவே. இவ்வேலையில் சிறிது சிறிதாகக் குறையும் வைட்டமின் ஏயை ஈரலிலுள்ள சேமிப்பு ஈடு செய்கிறது. சேமிப்பு தீர்ந்தால் முதலில் தோன்றுவது மாலைக்கண்.

அத்துடன் நின்றிருந்தால் கவலை குறைவு. பற்றாக்குறை நீடித்தால் விழியின் வெள்ளைப் பகுதி வறண்டு, சோப்பு நுரை போன்ற புள்ளிகள் தோன்றும். அடுத்து கார்னியா எனப்படும் கண்ணாடி போன்ற முன்படலம் வறண்டு மென்மையாகிக் கரைந்துவிடும். தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ கண்ட குழந்தைக்கு இந்த நிலை சில நாட்களிலேயே வந்துவிடலாம். அதன்பின் மருந்தால் பார்வையை மீட்க இயலாது.

தென் தமிழகத்தில் இத்தகைய குழந்தைகள் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டனர். தேனி தனி மாவட்டமாகாத அக்காலத்தில் தேவாரமும் போடியும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அன்று எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட அரசு மருத்துவமனையில் டாக்டர் கோ. வெங்கடசாமி கண் மருத்துவத் துறையை நடத்தி வந்தார். 1970களில் அங்கு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்று இயங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்டாய்னெட் பிரி என்னும் உயிர்வேதியியல் அறிஞர் இப்பணிக்குத் துணை நின்றார். குழந்தையுடன் தாயும் தங்கி, மலிவான கீரை, பயறு, தானியங்களைக் கொண்டு சமைக்கக் கற்றுக்கொண்டார். குணமடைந்த குழந்தை வீடு திரும்பி மறுபடியும் நோயுறாதிருக்கத் தாயின் அடுப்பங்கரையே மருந்தகமாக வேண்டும் என்பது அம்மையத்தின் கருத்து. ஓய்வு பெற்றபின் 1976இல் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் தேனியிலும் அதன் கிளை அமைந்தது. ஏலமலை அடிவார மக்களுக்குக் கண் மருத்துவம் அருகில் வந்தது.

அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ தரப்பட்டது. 1990இல் வெளிவந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. வைட்டமின் பெற்ற பிரிவில் இறப்பு மற்றப் பிரிவில் நேர்ந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. கண்ணை வறளச் செய்யும் குறைபாடு குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்படலங்களையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் தளர்த்துகிறது. ஆகவே மாலைக்கண் என்பது கண்ணில் தெரியும் எச்சரிக்கை, ஆபத்து உயிருக்கே.

இந்திய அரசு 1970இலேயே குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1982இல் தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. தட்டம்மைத் தடுப்பூசியும் பரவியது. இவை யாவும் சேர்ந்து, பார்வையிழந்த குழந்தைகளை மருத்துவமனை வாசலில் காண்பதை அரிதாக்கின.

தேனி மாவட்டம் முருங்கைக்கும் மாம்பழத்துக்கும் பெயர் பெற்றது. இன்று பல இடங்களில் பயிராகும் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட வகை. முருங்கைக்கீரையில் கரோட்டின் மிகுதி. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. உணவிலுள்ள சுமார் 12 பங்கு கரோட்டினிலிருந்தே உடலுக்கு 1 பங்கு வைட்டமின் ஏ கிடைக்கிறது என்று இப்போது கணக்கிடுகின்றனர். முன்பு 6 பங்கே போதும் எனக் கருதினர். எண்ணெய் சேராமல் கரோட்டின் நன்கு உட்கிரகிக்கப்படுவதும் இல்லை. கீரையை ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து, நன்கு மசித்துக் கொடுப்பது நல்லது. அத்துடன் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் தரும் திரவத்தை உரிய காலத்தில் உரிய அளவில் கொடுக்க வேண்டும். மிகையானால் வைட்டமின் ஏ தீங்கும் செய்யும். எனவே தாமாகவே கடையில் வாங்கிப் புகட்டலாகாது.

அந்தி நேரத்தில் உங்கள் வீட்டுக் குழந்தை வழி தடுமாறினால் அதைக் கடிந்துகொள்ளாதீர்கள். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் நோய் முழுவதும் குணமாகக்கூடியது.