முன்னிற்குஞ்சுரப்பி: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

முன்னுரை

ஆண் உடலில் சிறுநீர்ப்பையின் கழுத்தை அடுத்து, சிறுநீர் வெளியேறும் குழாயின் தொடக்கப் பகுதியைச் சூழ்ந்து அமைந்த சுரப்பி புராஸ்டேட் எனப்படும். தமிழில் அது முன்னிற்குஞ்சுரப்பி எனவும் வழங்கும். இப்பெயர் கிரேக்க மூலத்தின் பொருளைத் தழுவியது. அம்மூலம் இவ்வுறுப்புக்கு உரியதான வரலாற்றை ஆராய்வது, கலைச்சொல்லாக்க நெறியைத் தெளிவுபடுத்தும்.

இந்திய மருத்துவ நூல்களில்

சுசுருத சங்கிதை கல்லடைப்பு அறுவையை விரித்துரைக்கிறது. அறுவையின்போது ஊறுபடாமல் காக்க வேண்டியவையாகச் சிறுநீர் வழி, விந்து வழி, குதம், சிறுநீர்ப்பை உள்ளிட்ட எட்டு உறுப்புகளை அந்நூல் எண்ணுகிறது. இச்சுரப்பிக்கு அதில் தனிப்பெயர் இல்லை. எனினும், குதத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல்போல் திரண்டு சிறுநீரைத் தடுக்கும் வாதாஷ்டீலை என்னும் நோயை அது கூறுகிறது. இதனைச் சுரப்பி வீக்கத்தோடு ஒப்பிடுவோர் உளர். சித்த மருத்துவத்தின் நீரடைப்பு என்னும் சொல்லும் குறி பற்றி எழுந்ததேயாகும். உறுப்புக்குப் பெயர் அமையாத நிலையிலும் நோய்க்குப் பெயர் அமைந்தமை இவற்றால் அறியப்படும்.

ஐரோப்பிய உடற்கூற்றியலில்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலசு, விந்து வழியை ஒட்டிய உறுப்புகளை 'அருகு நிற்பவை' எனப் பொருள்படும் பராசுததாய் என்னும் பன்மைச் சொல்லால் சுட்டினார். அவர் நூல்கள் மறைந்தன. கருத்துகள் கேலன் வழியே எஞ்சின. வெனிஸ் மருத்துவர் நிக்கோலோ மாசா 1536இல் இச்சுரப்பியை விளக்கினார். 1538இல் வெசாலியசு அதனை வரைந்து காட்டினார். இருவரும் அதற்குத் தனிப்பெயர் இடவில்லை.

1600இல் பிரெஞ்சு மருத்துவர் து லோரான் 'முன்னிற்பவை' எனப் பொருள்படும் புரோசுததே என்னும் சொல்லை ஆண்டார். பழஞ்சொல்லைப் பிறழ உணர்ந்தமையால் இது நேர்ந்தது என்பர் ஆய்வாளர். கிரேக்க ஆண்பாற்சொல் இலத்தீனில் பெண்பாலாயிற்று. ஒற்றை உறுப்பு என்பது தெளிவான பின்னரும் அப்பால்வழு நீடித்தது.

பெயரும் அமைப்பும்

ஆணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுடையது. அதன் முதல் 3 செ.மீ. அளவு இச்சுரப்பியை ஊடுருவிச் செல்கிறது. விந்து பாய்ச்சும் நாளங்கள் இரண்டும் அவ்விடத்திலேயே அதில் திறக்கின்றன. ஆதலின் சிறுநீர் வழியும் விந்து வழியும் ஒன்றாகும் இடம் இதுவே. 1968 முதல் ஜான் மெக்நீல் வெளியிட்ட ஆய்வுகள் சுரப்பியை மண்டலங்களாகப் பகுத்தன. முதுமையில் தோன்றும் வீக்கம் குழாயை ஒட்டிய இடைநிலை மண்டலத்திலும், புற்று பெரும்பாலும் புற மண்டலத்திலும் தோன்றுவதை அவை நிறுவின. சிறு வீக்கமும் நீரைத் தடுக்க, பெரிய புற்று குறியின்றி வளரக்கூடுவது இதனாலேயாம்.

முடிவுரை

நீரடைப்புக்குக் காரணம் சுரப்பி முன்னிற்றல் அன்று. குழாயைச் சூழ்ந்து நிற்றலே. அச்செய்தி கிரேக்கப் பெயரிலும் இல்லை, அதன் தமிழாக்கத்திலும் இல்லை. வழக்கில் ஊன்றிய பெயரை மாற்றுதல் வேண்டாவெனினும், கலைச்சொல் அகராதிகள் சொல்லின் மூலத்தோடு உறுப்பின் அமைவையும் சேர்த்து விளக்குதல் வேண்டும். நோயுற்றவர் தம் உடலைத் தம் மொழியில் அறிவதற்கு அவ்விளக்கமே துணையாகும்.