அந்த ஒரு வருஷப் படிப்பு கணக்குல வருமா? எராஸ்மஸ் பிறந்த கதை

1/
ஒரு ஆஸ்பத்திரியில ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. "இதெல்லாம் செல்லாது, முதல்ல இருந்து எடுங்க"ன்னு சொன்னா எப்படிக் கடுப்பாகும்? 1958ல் ரோமில் ஒரு மாணவிக்கு அதே கடுப்பு வந்தது. ரிப்போர்ட்டுக்காக இல்ல, படிச்ச படிப்புக்காக. ஐரோப்பாவின் மாபெரும் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு விதை அதுதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/
அவர் பெயர் சோஃபியா கொர்ராடி. 1934ல் பிறந்தவர். ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிச்சுக்கிட்டிருந்தார். 1957ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைச்சு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டமே வாங்கிட்டு ஊர் திரும்பினார்.

3/
ரோமில் அவருக்கு இன்னும் சில தேர்வுகள் பாக்கி. "அமெரிக்காவில் படிச்சதைக் கணக்கில் சேர்த்துக்கோங்க"ன்னு பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டார். மறுத்துட்டாங்க. நாலு பேர் முன்னாடி கேலியும் பண்ணினாங்க. மறுபடி உட்கார்ந்து படிச்சுத்தான் இத்தாலியப் பட்டத்தை முடிச்சார்.

4/
இதில் வேடிக்கை என்னன்னா, பழைய ஐரோப்பாவில் நிலைமை இப்படி இல்ல. எங்க துறையையே எடுத்துக்கோங்க. உடற்கூறியலின் தந்தை வெசாலியஸ் பிரஸ்ஸல்ஸ்காரர். லூவன், பாரிஸ்னு படிச்சுட்டு 1537ல் இத்தாலியின் படுவாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி இங்கிலாந்துக்காரர். 1602ல் படுவாவில் எம்.டி. வாங்கினார். அதே வருஷம் கேம்பிரிட்ஜும் அவருக்கு எம்.டி. கொடுத்தது.

5/
அதுக்கும் முன்னாடி, 12ஆம் நூற்றாண்டில், பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா ஒரு சட்டம் போட்டார். அப்போ வெளியூர் மாணவனைப் பிடிச்சு, "உன் ஊர்க்காரன் வாங்கின கடனை நீ கட்டு"ன்னு பொருளைப் பறிக்கிற வழக்கம் இருந்தது. அதை அந்தச் சட்டம் தடை பண்ணியது. படிக்கப் போறவங்க பயமில்லாம பயணம் பண்ணலாம்னு உறுதி கொடுத்தது. பொலோன்யா மாணவர்கள் இதனால் ரொம்பவே பயன் அடைந்தாங்க. இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

6/
அப்போ எல்லா இடத்திலும் பாட மொழி லத்தீன். பிறகு தேச அரசுகள் வலுவாச்சு. ஒவ்வொரு நாடும் தன் மொழி, தன் பாடத்திட்டம், தன் பட்டச் சட்டம்னு சுவர் கட்டிக்கிட்டது. அந்தச் சுவரில்தான் கொர்ராடி போய் முட்டினார்.

7/
அவர் அதை மறக்கல. பின்னாளில் இத்தாலியப் பல்கலைக்கழக ரெக்டர்கள் மாநாட்டுக்கு ஆலோசகரானார். 1969ல் ஒரு குறிப்பு தயார் பண்ணினார். சாராம்சம் ரொம்ப எளிமை: மாணவர் வெளிநாட்டில் என்ன படிக்கப் போறார்னு கிளம்பும் முன்பே துறை ஒப்புதல் தரட்டும். படிச்சு முடிச்சு வந்தா, அது கணக்கில் சேரணும்.

8/
இந்த யோசனை நடைமுறைக்கு வர 18 வருஷம் ஆச்சு. 1976ல் ஐரோப்பிய சமூகம் கூட்டுப் படிப்புத் திட்டங்களைச் சின்ன அளவில் ஆரம்பிச்சது. 1986 கடைசியில் பெரிய திட்டம் பேச்சுவார்த்தைக்கு வந்தப்போ, நாடுகள் நிதியை வெட்டப் பார்த்தாங்க. "இந்தக் காசுக்கு இது வேண்டாம்"னு ஐரோப்பிய ஆணையம் திட்டத்தையே வாபஸ் வாங்குச்சு! மறுபடி பேசி, 1987 ஜூன் 15ல் எராஸ்மஸ் திட்டம் நிறைவேறியது.

9/
ராட்டர்டாமில் பிறந்து, பாரிஸ், கேம்பிரிட்ஜ், பாசல்னு ஊர் ஊராகப் போன அறிஞர் எராஸ்மஸின் பெயர் அது. முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். அவ்வளவுதான்.

10/
அடுத்த சிக்கல், ஒரு நாட்டுப் பாடத்தை இன்னொரு நாட்டில் எப்படி எண்ணுறது? பிரிட்டன் லேபில் சர்க்கரை 5.5ன்னு வரும், நம்ம லேபில் 100ன்னு வரும். ரத்தம் ஒண்ணுதான், அளவுகோல் வேற. 18ஆல் பெருக்கினா கணக்கு சரியாப் போகும். படிப்புக்கும் அப்படி ஒரு பொது அளவு வந்தது. முழு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 1989ல் இதை 5 துறைகளில் சோதிச்சுப் பார்த்தாங்க. அதில் மருத்துவமும் ஒண்ணு.

11/
என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான திருப்பம் 1997 லிஸ்பன் உடன்படிக்கை. அதுவரை "என் படிப்பு சமமானது"ன்னு மாணவர்தான் நிரூபிக்கணும். லிஸ்பனுக்குப் பிறகு, ஏத்துக்க மறுக்கிறவங்கதான் "பெரிய வித்தியாசம் இருக்கு"ன்னு காட்டணும். அந்த ஸ்கேன் உதாரணத்துக்கே வாங்க: பழைய ரிப்போர்ட்டை வேண்டாம்னு சொல்ற டாக்டர்தான் காரணம் சொல்லணும், நோயாளி இல்ல.

12/
1999ல் 29 நாடுகள் அதே பொலோன்யாவில் கூடிக் கையெழுத்துப் போட்டன. ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பட்டங்கள், பொதுவான கிரெடிட் முறை. இன்று அந்த வட்டத்தில் 49 உறுப்பினர்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டாங்கன்னு நினைக்காதீங்க. "பாடத்தை அமுக்கித் திணிக்கிறாங்க"ன்னு 2009ல் ஜெர்மனியில் மாணவர்கள் வகுப்பறைகளை ஆக்கிரமிச்சுப் போராடினாங்க. மருத்துவப் படிப்பைப் பெரும்பாலான நாடுகள் இளநிலை, முதுநிலைன்னு பிரிக்கவே இல்ல. அது இன்னும் ஒரே நீளப் படிப்புதான்.

13/
இது நமக்கு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, 2022ஐ நினைச்சுப் பாருங்க. போரால் உக்ரைனில் இருந்து பாதிப் படிப்போடு ஓடி வந்த மருத்துவ மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. இந்தியக் கல்லூரியில் சேர வழியில்ல. தொடங்கின வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே முடிக்கணும்னு இன்னொரு விதி. அப்போ உக்ரைன் முன்வைச்ச வழி மாணவர் பரிமாற்றம்தான். வேற நாட்டில் படிக்கலாம், பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகம் தரும். செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்சேபம் இல்லைன்னு சொன்னது. உக்ரைன் 2005லேயே பொலோன்யா வட்டத்தில் சேர்ந்த நாடு. எல்லாருக்கும் சிக்கல் தீர்ந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா திறந்த கதவுகளில் இதுவும் ஒண்ணு.

14/
குறையும் சொல்லணும். எராஸ்மஸ் உதவித்தொகையில் முழுச் செலவையும் சமாளிக்கிறது கஷ்டம். வீட்டில் கொஞ்சம் வசதி இருக்கிற பிள்ளைக்குத்தான் கிளம்புறது சுலபம். கிரெடிட் எல்லை தாண்டுது, வாடகைக்குக் காசு இல்லாதவர் தாண்ட முடியல.

15/
கொர்ராடி 2025 அக்டோபரில், 91 வயதில் காலமானார். "எராஸ்மஸ் அம்மா"ன்னுதான் இத்தாலியில் அவரைக் கூப்பிட்டாங்க. அவர் தொடங்கி வச்ச வழியில் இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் போயிருக்காங்க. தன்னைக் கேலி பண்ணினவங்க மேல வந்த கோபத்தை, பின்னாடி வர்றவங்களுக்கு விதியா மாத்தினார்.

16/
கடைசியா, வழக்கம்போல ஒரு பிரிஸ்கிரிப்ஷன். உங்க வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் பரிமாற்றப் படிப்புக்குப் போகுதா? விசா, டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "அங்க படிக்கிறது இங்க கணக்கில் வருமா?" பதிலை எழுத்தில் வாங்குங்க. 1958ல் கொர்ராடி கையில் இல்லாமப் போனது அந்த ஒரு காகிதம்தான்.